பாடம் எடுக்கும் முன் நம் அறிவியல் புரிதலைச் சோதித்துக்கொள்வது எப்படி? தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் நம்மில் பலர் பிளஸ் டூவில் வணிகவியலோ வரலாறோ படித்துவிட்டு ஆசிரியர் பட்டயப் படிப்புக்குப் போனவர்கள். ஒரே ஆள் தமிழும் கணக்கும் எடுத்து, மதிய உணவு வரிசையையும் பார்த்துவிட்டு, ஐந்தாம் பிரிவேளையில் அறிவியல் புத்தகத்தைத் திறக்கிறோம். புத்தக வரியைச் சொல்லிவிடலாம். "அது ஏன் டீச்சர் அப்படி?" என்று ஒரு பிள்ளை கேட்டால்தான் சிக்கல்.

அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களிலும் எங்கள் பள்ளி ஓய்வறையிலும் நாங்கள் செய்து பார்த்த முறையை இங்கே எழுதுகிறேன். ஆறு முதல் பத்துப் பேர், இரண்டு மணி நேர அமர்வு இரண்டு, நடுவில் பதினைந்து நாள் இடைவெளி. முதல் முறை நடத்துபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வரிசையில்தான், அதனால் படிகளை மாற்றாமல் போங்கள்.

1. முதலில் திரட்ட வேண்டியவை

ஒன்றரை வோல்ட் பேட்டரி செல், பழைய குண்டு டார்ச் பல்பு, இரு முனையும் சீவிய ஒரு சாண் ஒயர்: ஆளுக்கு ஒரு செட். இப்போது டார்ச் எல்லாம் எல்இடி ஆகிவிட்டதால் குண்டு பல்புக்குக் கொஞ்சம் அலைய வேண்டும். பள்ளியின் அறிவியல் கிட் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். எல்இடியை வைத்துச் சமாளிக்க வேண்டாம். அதற்கு ஒரு செல் போதாது, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது.

எவர்சில்வர் டம்ளர், ஐஸ்கட்டி, ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, பிறந்தநாள் கேக்கில் வைக்கும் சிறு மெழுகுவர்த்திகள், உயரமான கண்ணாடி டம்ளர், தட்டு, குங்குமம், சில ஒரு ரூபாய் நாணயங்கள், தெர்மாகோல் பந்து, பென்சில், மூடியில்லாத ஒரு விளக்கு, கிழிக்கும் நாட்காட்டி. இவ்வளவுதான்.

பொருளைவிட முக்கியம் அறையில் யார் இருக்கிறார்கள் என்பது. மதிப்பீடு செய்யும் அதிகாரி யாரும் இருக்கக் கூடாது. ஒருமுறை நான் இதைக் கவனிக்கத் தவறினேன். மேலதிகாரி ஒருவர் மரியாதைக்காக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அன்று எல்லாத் தாளிலும் பாடநூல் வரிகள்தான் இருந்தன. ஒருவரும் தான் நினைப்பதை எழுதவில்லை.

2. கேள்வியைத் தயாரித்தல்

"ஆவியாதல் என்றால் என்ன?" என்று கேட்டால் எல்லாருக்கும் முழு மதிப்பெண். வரையறை மனப்பாடத்தில் இருப்பதால் அதைக் கேட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு காட்சியைச் சொல்லி, என்ன நடக்கும், ஏன் என்று கேளுங்கள். நாங்கள் வைக்கும் ஆறு கேள்விகள்:

ஒரு செல், ஒரு பல்பு, ஒரே ஒரு ஒயர். பல்பு எரியும்படி படம் வரையுங்கள்.

ஐஸ்தண்ணீர் வைத்த டம்ளரின் வெளிப்பக்கம் நனைந்திருக்கிறது. அந்த நீர் எங்கிருந்து வந்தது?

கம்பளியில் சுற்றிய ஐஸ்கட்டி, மேசையில் சும்மா வைத்த ஐஸ்கட்டி: எது முதலில் உருகும்?

ஒரு வேப்பங்கொட்டை இருபது வருடத்தில் பெரிய மரமாகிவிட்டது. அந்த மரக்கட்டையின் எடையில் பெரும்பங்கு எதிலிருந்து வந்தது?

நிலா தேய்வது ஏன்?

மே மாதம் கொளுத்துவது ஏன், மார்கழியில் குளிர்வது ஏன்?

ஆறுக்கு மேல் வேண்டாம். நான் முதல் முறை இருபது கேள்வி வைத்தேன். பத்தாவதுக்கு மேல் எல்லாரும் பக்கத்துத் தாளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

3. எழுதிய பிறகுதான் பேச்சு

பெயர் எழுதாத தாளில் விடையும் காரணமும். பதினைந்து நிமிடம், பேசக் கூடாது.

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லாருக்கும் ஆசை, நேரம் மிச்சமாகிறதே என்று. தாண்டினால் மீதி எல்லாம் வீண். வாயால் கேட்டால் ஒருவர் சொல்வார், மற்றவர்கள் "ஆமாம், நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று தலையாட்டுவார்கள். சோதனை முடிந்ததும் நம் மனம் பழைய நினைப்பை மறைத்துவிட்டு, முதலிலேயே சரியாகத் தெரிந்ததுபோல் காட்டும். தாளில் கிடக்கும் சொந்தக் கையெழுத்திடம் மட்டும் அது நடக்காது.

தாள்களைக் கலைத்து, ஆளுக்கு வேறொருவர் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அறையில் எத்தனை விதமான விளக்கம் இருக்கிறது என்று தெரியும், யார் எழுதியது என்று தெரியாது. சரி, தவறு எதையும் இப்போது சொல்லாதீர்கள்.

முகம் வாடினால் ஒன்றைச் சொல்லலாம். 1987இல் வந்த ஓர் ஆவணப்படத்துக்காக ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர், முன்னாள் மாணவர், பேராசிரியர் என 23 பேரிடம் நிலாவின் பிறைகளைப் பற்றியோ பருவகாலத்தைப் பற்றியோ கேட்டார்கள். 21 பேர் தவறாகச் சொன்னார்கள். இதை விடை எழுதிய பிறகு சொல்லுங்கள். முன்பே சொன்னால் கேள்வியில் பொடி இருக்கிறது என்று உஷாராகிவிடுவார்கள்.

4. பல்பில் தொடங்குங்கள்

எரியும், எரியாது என்று பல்பே தீர்ப்பு சொல்லிவிடும், யாரும் யாரையும் திருத்த வேண்டியதில்லை. அதனால் இதுதான் முதலில்.

தாளில் வரைந்தபடியே செய்து பார்க்கச் சொல்லுங்கள். செல்லின் மேல்முனையிலிருந்து ஒரு ஒயர் நேராகப் பல்பின் அடிக்குப் போவதாகத்தான் அதிகம் பேர் வரைந்திருப்பார்கள். வீட்டில் பிளக்கிலிருந்து ஒரே ஒயர் போவதைத்தானே பார்க்கிறோம். அதற்குள் இரண்டு கம்பி இருப்பது வெளியே தெரிவதில்லை. எரியாது. ஐந்து நிமிடம் தடுமாற விடுங்கள், கைகொடுக்காதீர்கள். பல்பின் அடிப்புள்ளியைச் செல்லின் ஒரு முனையில் நேராக வைத்து, செல்லின் மறுமுனையிலிருந்து வரும் ஒயரைப் பல்பின் உலோகப் பக்கச் சுவரில் தொட்டால் எரியும். யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்.

பிறகு ஃபியூஸ் போன பல்பு ஒன்றைத் துணியில் சுற்றி உடைத்துக் காட்டுங்கள். இழையின் ஒரு கால் அடிப்புள்ளிக்கும் மறுகால் பக்கச் சுவருக்கும் போகிறது. மின்சுற்று 'சுற்று' ஆனது ஏன் என்று அப்போதுதான் கையில் பிடிபடும்.

எச்சரிக்கை: செல்லின் இரு முனையையும் வெறும் ஒயரால் சேர்த்துப் பிடித்தால் விரல் சுடும். சுவர் பிளக், இன்வெர்ட்டர் பேட்டரி பக்கம் யாரையும் போக விடாதீர்கள்.

5. டம்ளரின் வேர்வை

"டம்ளரிலிருந்து கசிகிறது" என்று எழுதியவர்களும் "காற்றிலிருக்கும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகிறது" என்று எழுதியவர்களும் இருப்பார்கள். இரண்டாவது கொஞ்சம் படித்த தவறு, அதைப் பிடுங்குவதுதான் கஷ்டம்.

உள்ளே குங்குமம் கரைத்த ஐஸ்தண்ணீர். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, தட்டால் மூடி, தராசில் வைத்து எடையைக் குறியுங்கள். இருபது நிமிடம் கழித்து வெளியே முத்து முத்தாக நிற்கும் நீரை வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு பக்கம் ஒற்றிப் பாருங்கள். நிறமே இல்லை. ஒற்றுவதற்கு முன் எடையைப் பார்த்திருந்தால் சில கிராம் கூடியிருக்கும். கசிந்திருந்தால் மொத்த எடை மாறியிருக்காதே? அறையின் காற்றில் ஏற்கனவே நீராவியாக இருந்த தண்ணீர் குளிர்ந்த சுவரில் பட்டுத் திரவமாகியிருக்கிறது. தராசைப் பார்த்ததும் கசிவு பற்றிய விவாதம் தானாக நின்றுவிடும். ஏசி அறையில் இதைச் செய்யாதீர்கள், காற்று வறண்டிருப்பதால் நீர் சரியாகச் சேராது.

கம்பளி ஐஸ்கட்டியையும் இதே நேரத்தில் ஓட விடலாம். கம்பளி சூடு 'தரும்' என்று நினைப்பவர்கள் அது முதலில் உருகும் என்று எழுதியிருப்பார்கள். அரைமணி நேரம் கழித்துப் பிரித்தால் கம்பளிக்குள் இருப்பதுதான் பெரிதாக இருக்கும். ஐஸ்பாரை மரத்தூளிலும் சாக்கிலும் சுற்றிக் கொண்டுபோவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பார்த்ததையும் பாடத்தையும் ஒட்டவைக்காமல் விட்டுவிட்டோம்.

6. மெழுகுவர்த்தி: நானே தவறாக நடத்திய பாடம்

இதற்கு அரைமணி நேரம் முழுதாக ஒதுக்குங்கள். தட்டில் வண்ண நீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, நீர் உள்ளே ஏறுகிறது. "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது. அந்த இடத்துக்கு நீர் போயிற்று. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், நீரும் ஐந்தில் ஒரு பங்கு உயரம் ஏறியிருக்கிறது பாருங்கள்." ஏழெட்டு வருடம் நான் இப்படித்தான் சொன்னேன், அளவுகோல் வைத்து அளந்தும் காட்டினேன். நடுவில் ஒரு வருடம் பாதி டம்ளர் ஏறியபோது, "தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டோம்" என்று பிள்ளைகளிடம் சமாளித்தேன்.

டம்ளர் விளிம்புக்கு அடியில் நாணயங்களை வைத்துக்கொள்ளுங்கள், நீர் உள்ளே போக வழி வேண்டும். மூன்று இடத்தில் கண் வையுங்கள்.

முதலாவது, நீர் எப்போது ஏறுகிறது? ஆக்சிஜன் தீரத் தீர ஏறுவதானால் எரியும்போதே சீராக ஏற வேண்டும். ஆனால் சுடர் மங்கி அணைந்த பிறகுதான் சரசரவென்று ஏறுகிறது.

இரண்டாவது, கவிழ்த்தவுடன் விளிம்பில் குமிழி வருகிறதா? பெரும்பாலும் வரும். காற்று வெளியே போகிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, அதே டம்ளருக்குள் ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி. டம்ளரில் இருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதான், ஆனால் நீர் இன்னும் உயரம் ஏறும். 'ஐந்தில் ஒரு பங்கு' கதை இங்கே உடைகிறது.

நடப்பது இதுதான். சுடரின் சூட்டில் காற்று விரிந்து, ஒரு பகுதி விளிம்பு வழியாக வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியிலிருக்கும் காற்று தட்டுநீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும், செலவான ஆக்சிஜனுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வந்திருக்கும். அந்த நீராவி குளிர்ந்து நீராவதற்கும் ஏற்றத்தில் கொஞ்சம் பங்கு உண்டு.

நம்பாதவர்களுக்கு ஒரு வழி: மெழுகுவர்த்தியே இல்லாமல், தடித்த எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் ஊற்றி, கொட்டி, உடனே தட்டில் கவிழ்த்து, கொஞ்ச நேரம் கழித்து வெளியே நீர்மட்டத்தைப் பாருங்கள். எரிந்தது எதுவும் இல்லை, நீர் மட்டும் உள்ளே போயிருக்கும்.

7. மரத்தின் எடை

ஏறக்குறைய எல்லாரும் "மண்ணிலிருந்து" என்று எழுதுவார்கள், சிலர் "தண்ணீர்" என்று சேர்ப்பார்கள். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைக் கரும்பலகையில் பிழையில்லாமல் எழுதுகிறவரும் அப்படித்தான் எழுதுவார். சமன்பாடு ஓர் அறையிலும் மரம் வேறோர் அறையிலும் இருக்கிறது.

இதற்குச் சோதனை செய்ய வருடக்கணக்கில் ஆகும். 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் செய்தார்: தொட்டியில் நட்ட வில்லோ மரம் ஐந்து வருடத்தில் சுமார் 75 கிலோ கூடியது, மண் குறைந்தது 60 கிராமுக்கும் குறைவு. அவர் எல்லாம் தண்ணீரிலிருந்து என்று முடிவுகட்டியது தவறு, ஆனால் மண்ணிலிருந்து இல்லை என்பதைக் காட்டிவிட்டார்.

எனக்குப் பிடித்த வழி விறகடுப்பு. ஒரு கட்டு விறகு எரிந்தால் மிஞ்சுவது ஒரு கை சாம்பல். மண்ணிலிருந்து வந்த தாதுப்பு அந்தச் சாம்பல்தான். மீதியெல்லாம் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் காற்றுக்குப் போய்விட்டது. மரக்கட்டையின் எடையில் பெரும்பங்கு காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்ததுதான். ஜன்னலோரம் தண்ணீர் பாட்டிலில் மண்ணே இல்லாமல் வளரும் மணி பிளான்ட்டையும் கூடவே நினைவூட்டுங்கள்.

8. நிலாவும் வெயிலும்: பதினைந்து நாள் வேலை

இதை அறைக்குள் முடிக்கப் பார்க்காதீர்கள். முதல் அமர்வு முடியும்போது வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்: அமாவாசைக்கு மறுநாளிலிருந்து பௌர்ணமி வரை நிலா தெரிந்த நேரம், திசை, வடிவம். நாட்காட்டித் தாளின் பின்பக்கமே போதும்.

வளர்பிறை அஷ்டமி அன்று மாலை பள்ளி விட்டதும் எல்லாரையும் வானம் பார்க்கச் சொல்லுங்கள். அரை நிலா பகல் வெளிச்சத்திலேயே கிழக்கே உயர்ந்திருக்கும், சூரியன் மறையும்போது ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிடும். சூரியன் மேற்கே, நிலா தலைக்கு மேலே, பூமி காலடியில். பூமியின் நிழல் போய் நிலாவின் பாதியை எப்படி மறைக்கும்? "நிழல்தான் தேய்பிறைக்குக் காரணம்" என்று எழுதியவர் இந்த இடத்தில் நின்று யோசிப்பார்.

இரண்டாம் அமர்வில் அறையை இருட்டாக்கி ஒரே விளக்கை எரிய விடுங்கள். பென்சிலில் குத்திய தெர்மாகோல் பந்தை, தலையின் நிழல் படாதபடி சற்று உயர்த்திப் பிடித்து, இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தாமே சுற்ற வேண்டும். ஒருவர் சுற்றி மற்றவர் வேடிக்கை பார்த்தால் பிறை தெரியாது, பாதி வெளிச்சமான பந்துதான் தெரியும். கையைத் தாழ்த்தித் தலைநிழல் பந்தில் விழுந்தால் அது கிரகணம். நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால் பௌர்ணமிதோறும் கிரகணம் வருவதில்லை என்பதை அப்போது சொன்னால் ஒட்டிக்கொள்ளும்.

வெயிலுக்கு வருவோம். "கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருகிறது" என்று எழுதியவர்களுக்கு இரண்டு கேள்வி. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் 15.2 கோடி. அப்படியானால் மார்கழியில்தானே கத்திரி வெயில் அடிக்க வேண்டும்? டிசம்பர் 26 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தொடங்கும் டெஸ்ட் மேட்சில் பார்வையாளர்கள் தொப்பியும் சன்ஸ்கிரீனுமாக உட்கார்ந்திருப்பது ஏன்? கிரிக்கெட் பார்ப்பவர்களிடம் இரண்டாவது கேள்வி உடனே வேலை செய்கிறது.

பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதுதான் காரணம் என்று அதன்பிறகு பேசலாம். நம் ஊரில் ஒரு நெருடல் உண்டு, மறைக்காதீர்கள். நாம் வெப்பமண்டலத்தில் இருப்பதால் சூரியன் வருடத்தில் இருமுறை உச்சிக்கு நேராக வருகிறது. சென்னையில் அது ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டியும் ஆகஸ்ட் நடுவிலும். ஆகஸ்டில் மே போலக் கொளுத்துவதில்லை, மேகமும் காற்றும் குறுக்கே வருகின்றன. சூரியன் உச்சிக்கு நேராக வரும் நாளில் கொடிக்கம்பத்தின் நிழல் அடியிலேயே ஒடுங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம், ஆனால் 12 மணிக்குக் கூப்பிட்டுவிடாதீர்கள். ஏப்ரலில் உச்சி சென்னையில் 12.07 வாக்கில், கோவையில் 12.20 வாக்கில்.

9. நம் சொற்களைத் துருவுதல்

இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், பொருள் தெளிந்த பிறகுதான் சொல் எங்கே காலை வாரியது என்று தெரியும்.

"ஐஸ் கரைஞ்சுடுச்சு", "சர்க்கரை கரைஞ்சுடுச்சு" என்று வீட்டில் ஒரே வினைச்சொல். உருகுதலும் கரைதலும் வேறு என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வாணலியில் சூடாக்கிய சர்க்கரையையும் தண்ணீரில் போட்ட சர்க்கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். இட்லிப்பானையிலிருந்து வரும் வெள்ளைப் புகையை 'ஆவி' என்கிறோம். உண்மையில் கண்ணுக்குத் தெரியும் அந்த வெள்ளை, ஆவி குளிர்ந்து உண்டான நுண்துளிகள். நீராவி கண்ணுக்குத் தெரியாது.

'விலங்கு' என்றால் பேச்சுவழக்கில் நாலு கால். எறும்பும் மீனும் நாமும் அதில் வருவதில்லை. செடிக்கு 'சாப்பாடு போடுகிறேன்' என்று உரம் வைக்கிறோம், பிறகு வகுப்பில் வந்து தாவரம் தன் உணவைத் தானே தயாரிக்கிறது என்கிறோம். எடையும் நிறையும், வெப்பமும் வெப்பநிலையும் இதே கதைதான். வீட்டுச் சொல்லைத் தவறு என்று அடிக்காதீர்கள். "வீட்டில் இப்படி, இந்தப் பாடத்தில் இப்படி" என்று இரண்டு பத்தியாக எழுதிவையுங்கள்.

10. நடத்துபவர் செய்யும் தவறுகள்

விளக்கத்தை முதலில் சொல்லிவிட்டு, அதற்கு ஆதாரமாகச் சோதனை காட்டுவது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைத்தான் செய்வார்கள், பயிற்சிகளில் நமக்கும் அப்படித்தான் நடந்தது. விடை தெரிந்துவிட்டால் கண் சோதனையைப் பார்க்காது, ஒப்புக்கு நிற்கும்.

பவர்பாயின்ட் போடுவது. திரை இருந்தால் கை சும்மா இருக்கும்.

தவறாக எழுதியவரைச் "சார், நீங்க சொல்லுங்க" என்று எழுப்புவது. அடுத்த கூட்டத்துக்கு அவர் வர மாட்டார்.

தனக்குத் தெரியாத கேள்வி வந்தால் மழுப்புவது. கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்து, அடுத்த அமர்வில் பதிலோடு வாருங்கள். நாங்கள் பிடித்து வைத்திருக்கும் அந்த ஓரப் பட்டியலில் இப்போதும் நான்கு கேள்விகள் கிடக்கின்றன.

11. இரண்டாம் அமர்வின் கடைசி அரைமணி

பழைய தாள்களைத் திருப்பிக் கொடுத்து, அதே கருத்தை வேறு காட்சியில் கேளுங்கள். டம்ளருக்குப் பதில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாத்திரை அட்டை, கம்பளிக்குப் பதில் தெர்மாகோல் பெட்டியில் வைத்த சூடான பொங்கல். பழைய கேள்வியையே கேட்டால் நினைவைத்தான் சோதிப்பீர்கள்.

சிலர் பழைய விடைக்கே திரும்பியிருப்பார்கள், பருவகாலக் கேள்வியில் இது அதிகம். அவர்களுக்கு மறுபடி விளக்காதீர்கள். தேங்காய் அளவுப் பந்து ஒன்றையும் டார்ச்சையும் கொடுத்து, பக்கத்திலிருப்பவருக்கு விளக்கச் சொல்லுங்கள். பாதியில் தாமே நிறுத்தி, "இருங்க, இங்கே ஏதோ இடிக்குது" என்பார்கள்.

பிறகு ஒவ்வொருவரும் அடுத்த வாரம் தாம் எடுக்கப்போகும் பாடத்தைத் திறந்து, பிள்ளைகள் என்ன தவறான விடை சொல்வார்கள் என்று பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதட்டும். தங்கள் பழைய தாளிலிருந்தே எடுத்து எழுதுவார்கள்.